கிச்சுகிச்சு மூட்டிய வண்டி

பழனியில் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துவது என் மாமியார் வைத்திருந்த வேண்டுதல். அங்கிருந்து ஒரு கேரவனில் மலையேறி, யாரும் போகாத பக்கமாகத் தங்கிவிட்டு வருவது என் கணவர் அரவிந்தின் ஆசை. எனக்கென்று தனியாக ஆசை எதுவும் இல்லை, எல்லோரும் முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர. காய்ச்சல் மருந்தை இரண்டு பைகளிலும் வைத்தேன். எதற்கு இரண்டு என்று அரவிந்த் கேட்டார். ஒரு பை தொலைந்துபோனால் என்றேன். அவர் சிரித்தார். நான் ஒரு குப்பியை வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் யோசித்து, மறுபடி உள்ளேயே வைத்தேன்.

மகள் பெயர் தேன்மொழி. நான்கு வயது. வீட்டில் தேனு. மொட்டையடிப்பவர் அவள் தலையைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே, “பாப்பா, ஆடாம இருக்கணும். ஆடுனா முருகன் பாதி முடியத்தான் எடுத்துக்குவாரு. மீதிய வச்சுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகணும்” என்றார். அவள் மூச்சையும் சேர்த்து நிறுத்திக்கொண்டாள். காது குத்தும்போது அந்த மரியாதையெல்லாம் போய்விட்டது. அழுது முடித்து, சாமி பார்த்து, பஞ்சாமிர்தத்தை விரலால் வழித்துத் தின்றுவிட்டு இறங்கி வந்தால் அவளுடைய செருப்பைக் காணோம். நடக்கும்போது அடியில் விளக்கு எரியும் செருப்பு. எங்கள் செருப்புகள் விட்ட இடத்திலேயே இருந்தன. யாருக்கும் அவை வேண்டியிருக்கவில்லை.

அடிவாரத்துக் கடைகளில் அவள் அளவுக்குக் கிடைத்தவற்றில் விளக்கு எரியவில்லை. எனவே அவள் காலை நீட்டவில்லை. “மேல வாங்கிக்கலாம். கொடைக்கானல்ல செருப்புக் கடையா இல்ல?” என்றார் அரவிந்த். இரண்டு காலிலும் கம்பளி உறையை மாட்டிவிட்டேன்.

கேரவனோடு காத்திருந்தவர் பெயர் சேவியர். கொடைக்கானல்காரர். பல வருடம் அங்குள்ள விடுதிப் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்கியவர். அதனால் பேச்சில் பாதி ஆங்கிலம். “வெல்கம் மேடம். வீடுதான் இது. டயர் மட்டும் எக்ஸ்ட்ரா” என்று கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு மின் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், திரும்பினால் சுவர் இடிக்கும் கழிப்பறை. கதவோரம் ஒரு பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடும்போது பேட்டரி, நிறுத்தும் இடத்தில் பக்கத்து வீட்டுக் கரண்ட் என்று சேவியர் விளக்கினார். வெளியிலிருந்து வரும் கரண்ட் குறைந்தால் அந்தப் பெட்டி பீப் பீப் என்று கத்திவிட்டுத் தானாகப் பேட்டரிக்கு மாறிக்கொள்ளுமாம்.

“ஷாக் அடிச்சா?” என்றேன்.

“டிரிப் சுவிட்ச் இருக்கு மேடம். வண்டிக்குள்ள துளி லீக் ஆனாலும் டப்புனு கட் ஆயிரும். பாருங்க.” சோதனைப் பொத்தானை அழுத்தினார். டப் என்று எல்லாம் அணைந்தது. மறுபடி அழுத்தச் சொன்னேன். மறுபடி அணைந்தது. அரவிந்த் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

மலைப்பாதையில் தேனு வாந்தியெடுத்தாள். அடுத்த வளைவில் நானும். ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து வந்த பேருந்துக்கு வழிவிட நாங்கள் பின்னால் போக வேண்டியதாயிற்று. கேரவனின் தலையில் ஒரு மரக்கிளை சரசரவென்று உரசியது. பேருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “அண்ணே, வீட்டக் கெழமேலாக் கட்டாம தென்வடலாக் கட்டியிருந்தா இந்தப் பிரச்சன வராதுல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார். சேவியர் தனக்குள் ஏதோ சொன்னார். ஆங்கிலம் இல்லை.

வழியில் தேநீர்க் கடையில் ஒரு மலையாளக் குடும்பம் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தது. அந்த அம்மாள் தன் கணவரிடம் மலையாளத்தில் சொன்னது எனக்கு ஓரளவு புரிந்தது. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம், பிறகு இவர்கள் எதற்காக வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள் என்றார். சென்னையிலிருந்து கிளம்பியதிலிருந்து நான் கேட்க நினைத்திருந்த கேள்வி.

கொடைக்கானல் ஏரிப் பக்கம் வண்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. செருப்புக் கடை இருந்தது, நிறுத்த இடமில்லை. “ரிட்டர்ன்ல கண்டிப்பா மேடம்” என்றார் சேவியர். ஊரைத் தாண்டி, பூம்பாறையைத் தாண்டி, கிளாவரை போகும் சாலையில் ஒரு பூண்டுத் தோட்டத்தின் ஓரத்தில் இறங்கியபோது மேகம் தரையில் நடந்துகொண்டிருந்தது.

தோட்டம் முத்தையாவுடையது. நாற்பதைத் தொட்டவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் மங்கி குல்லா. மனைவி பாக்கியத்துக்கு என்னைவிடச் சில வயது கூடும். அக்கா என்றேன். படிக்கட்டு போல இறங்கும் வயல்களில் பூண்டு, அதற்குக் கீழே பட்டர் பீன்ஸ், எல்லாவற்றுக்கும் கீழே காட்டுமாடு வராமலிருக்கச் சோலார் வேலி. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தண்ணீர்க் குழாய், சிமென்ட் தொட்டி, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி. தொட்டியின் விளிம்பில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. தொட்டிக்குத் திருஷ்டி கழிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

“கன்னுக்குட்டி இதுல வாய வைக்க மாட்டேங்குது. யாரு கண்ணு பட்டுச்சோ” என்றார் பாக்கியம் அக்கா. “பக்கெட்டுல ஊத்தித் தள்ளி வச்சாக் குடிக்கிது.”

தகரக் கூரைக்கு அடியில், வெளிச்சுவரில் ஒரு பிளக் இருந்தது. சேவியர் வண்டியின் ஒயரை இழுத்து வந்து செருகப் போனார். எர்த் இருக்கிறதா என்று கேட்டேன். வாடகைக்கு எடுத்தபோது சொல்லியிருந்தார்கள்: எர்த் இல்லாமல் வண்டியை எந்த வீட்டுக் கரண்டிலும் இணைக்கக் கூடாது. சேவியர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை.

“இங்கிட்டு எல்லா வீட்லயும் அப்படித்தான் மேடம், நோ ப்ராப்ளம்” என்றார்.

எனக்குப் ப்ராப்ளம் இருந்தது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். முத்தையா, “எர்த்து வேணுமா? அதெல்லாம் ஜோரா இருக்குங்க. நானே அடிச்சது” என்று எங்களைத் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார். குழாய்க்கு அருகில் ஒரு இரும்புக் குழாயை மண்ணில் ஆழமாக இறக்கியிருந்தார். அதிலிருந்து ஒரு கம்பி சுவரேறி வீட்டுக்குள் போனது. சேவியர் வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு பச்சைக் கம்பியை முறுக்கி, அதன் மறுமுனையை இந்த இரும்பில் கட்டினார். நல்ல ஈர மண். இதைவிட நல்ல எர்த் கிடைக்காது என்று மூன்று ஆண்களும் பேசிக்கொண்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பயணத்தில் முதல் நிம்மதி.

சாயங்காலம் பால் காய்ச்ச மின் அடுப்பைப் போட்டேன். விளக்குகள் மங்கின. கதவோரப் பெட்டி பீப் பீப் என்றது. அடுப்பு ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டு அணைந்தது, மறுபடி எரிந்தது. அப்போது வெளியே புல்லில் நின்றிருந்த தேனு, “அம்மா, வண்டி கிச்சுகிச்சு மூட்டுது!” என்று கத்தினாள். எட்டிப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்திலிருக்கும் கைப்பிடிக் கம்பியில் விரலை வைப்பதும் எடுப்பதுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பளி உறையைக் கழற்றி எங்கோ எறிந்திருந்தாள். காலெல்லாம் சேறு. நானும் சிரித்தேன். தூக்கிக் கழுவி உள்ளே போட்டேன். அடுப்பை அணைத்துவிட்டேன்.

எங்கள் அடுப்பு எரியாததைக் கேள்விப்பட்டு பாக்கியம் அக்கா சாப்பாடு கொடுத்தனுப்பினால் போதுமென்று விடவில்லை. வந்து உட்காரச் சொல்லிவிட்டார். மலைப்பூண்டை முழுசு முழுசாகப் போட்ட குழம்பு, பட்டர் பீன்ஸ் கூட்டு, அடுப்புத் தணலில் சுட்ட உருளைக்கிழங்கு. சென்னையில் நான் வாங்கும் பூண்டை உரித்தால் கையில் வாசனை கொஞ்ச நேரம் நிற்கும். இது நாலு நாள் கழித்தும் என் போர்வையில் இருந்தது. “கரண்டு அடுப்ப நம்பி எவளாச்சும் மலைக்கு வருவாளா? நல்லா வந்தீக” என்றார் அக்கா. கையைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். “செருப்பப் போட்டுக்கிட்டுப் போங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அட்டைப் பூச்சிக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெளிச்சம் வரும்போதே பெட்டியின் பீப் சத்தம் என்னை எழுப்பியது. பக்கத்தில் தேனு இல்லை. கன்றுக்குட்டியைப் பார்க்க இறங்கிப் போயிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு அலறல். ஓடினேன். கைப்பிடிக் கம்பிக்குக் கீழே புல்லில் உட்கார்ந்திருந்தாள், வலது கையை இடது கையால் பிடித்தபடி.

“வண்டி அடிச்சிருச்சு.”

தூக்கிப் பார்த்தேன். கையில் காயம் இல்லை, சிவப்பு இல்லை. நான் கைப்பிடியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. அரவிந்த் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து தொட்டார். ஒன்றுமில்லை. “கம்பளி ஸ்வெட்டர்ல இருந்து வர்ற ஸ்டாட்டிக். நமக்கும் கார் கதவுல அடிக்குமே, அதுதான்” என்றார். அது காய்ந்த வெயில் நாளில் அல்லவா, இங்கே துணி பிழிந்தால் மேகம் சொட்டுகிறதே என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர் பொறியியல் படித்தவர், நான் வணிகவியல்.

காப்பி குடித்த பிறகு சேவியர் டெஸ்டரைக் கொண்டுவந்து கைப்பிடி, படி, கதவு என்று வரிசையாக வைத்துக் காட்டினார். எரியவில்லை. டிரிப் பொத்தானை அழுத்தினார். டப். “பெர்ஃபெக்ட் மேடம். லீக் இருந்தா இது விடாது.” முத்தையாவும் வந்து, “வேலியத் தொட்டுருச்சோ?” என்று கேட்டார். வேலி அங்கிருந்து வெகு கீழே. கேள்வியை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேனு எதையும் நம்பவில்லை. வண்டிக்குள் ஏற மாட்டேன் என்றாள். நான் தூக்கி ஏற்றினால் கால்களை மடக்கி என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள், வண்டியில் எங்கும் படாமல். பிடிவாதம், காது குத்திய எரிச்சல், தூக்கக் கலக்கம் என்று அரவிந்த் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றும் எனக்கும் சரியாகத்தான் பட்டது. இப்படித்தான் சென்ற வருடம் அவள் கழுத்தில் ஒரு வீக்கம் என்று நான் மருத்துவரிடம் ஓடினேன். அது எறும்புக்கடி. அந்த மருத்துவர் சிரித்த சிரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்று பகல் முழுக்க அவளைக் கீழே விடவில்லை.

பகலில் கிளாவரைக்குப் போனோம். சாலை முடிகிற ஊர் அது. அதற்கப்பால் கேரளம் என்று கையைக் காட்டுகிறார்கள். காட்டிய இடத்தில் மேகம்தான் தெரிந்தது. ஒரு கொட்டகையில் பெண்கள் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிசு ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம், கை அதன்பாட்டில் ஓடியது, வாய் அதன்பாட்டில். மொட்டைத் தலையைப் பார்த்து, “பழனிக்கா போய்ட்டு வர்றீக?” என்று ஒருத்தி கேட்டாள். தேனு அதற்குப் பதில் சொல்லாமல், “எங்க வண்டி அடிக்கும்” என்றாள்.

“வண்டி அடிக்குதா? அப்ப அதுக்கும் கல்யாணம் பண்ணி வச்சாச்சுன்னு சொல்லு.”

கொட்டகையே சிரித்தது. “ஏடி, சும்மா கெட. பிள்ள பயந்துக்கிடப் போகுது” என்று இன்னொருத்தி அதட்டிவிட்டு, தேனுவின் கையில் ஒரு பேரிக்காயைத் திணித்தாள். தேனு சிரிக்கவில்லை. அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரிப்பது அது முதல் தடவை இல்லை. முதலில் சிரித்தது நான்.

அந்த ஊரில் மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் அடுக்குமாடியில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரைக்குமான இடைவெளியில் வாட்ஸப் குழுவில் சண்டையே முடிந்துவிடும். இங்கே டீக்கடைக்காரர் விறகைத் தள்ளிவிட்டு வடையைத் திருப்பினார். வடை நன்றாக இருந்தது. மிளகு அதிகம்.

திரும்பி வந்தபோது தூறல். சேவியர் வண்டியைப் பழைய இடத்தில் நிறுத்தி, ஒயரையும் பச்சைக் கம்பியையும் மறுபடி இணைத்தார். கரண்ட் வந்திருந்தது. தேனு அரவிந்தின் தோளிலிருந்து நேராகப் பாக்கியம் அக்கா வீட்டுக்குள் இறங்கிக்கொண்டாள். அங்கே சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பீப் பீப்.

அடுப்பை நான் போடவில்லை. வண்டியில் யாருமில்லை. வீட்டுப் பக்கம் பார்த்தேன். வாசலில் பிளாஸ்டிக் பக்கெட்டில் ஹீட்டரைப் போட்டுவிட்டு அக்கா உள்ளே போய்க்கொண்டிருந்தார். “மழையில வெறகு நனைஞ்சு போச்சு. இது இப்பல்லாம் காயவே மணிக்கணக்கா இழுக்குது. வெள்ளனே போட்டாத்தான் குளிக்க முடியுது” என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். காலையில் என்னை எழுப்பியது இதே பீப். அப்போதும் ஹீட்டர் ஓடியிருக்கும். முதல் நாள் கிச்சுகிச்சு மூட்டியபோது நான் மின் அடுப்பைப் போட்டிருந்தேன், அப்போதும் பீப். சேவியர் டெஸ்டர் வைத்தபோது எதுவும் ஓடவில்லை, பெட்டியும் சும்மா இருந்தது.

பிறகு காலைப் பார்த்தேன். என் காலில் ரப்பர் செருப்பு. அரவிந்துக்கு ஷூ. சேவியருக்கு ஷூ. முத்தையாவுக்கு பூட்ஸ். இந்த இடத்தில் வெறுங்காலோடு திரிந்தது ஒரே ஒரு ஆள்.

செருப்பைக் கழற்றினேன். புல் பனிக்கட்டி போலிருந்தது. இது எறும்புக்கடியாகவும் இருக்கலாம் என்று அப்போதும் நினைத்தேன். உள்ளங்கையால் தொட்டால் கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், புறங்கையால்தான் தொட வேண்டும் என்று பள்ளியில் யாரோ சொன்னது நினைவிருந்தது. புறங்கையைக் கைப்பிடிக் கம்பியில் வைத்தேன்.

முழங்கை வரை ஒரு உதை. கை தானாகப் பின்னால் போய்விட்டது. பற்கள் ஒன்றோடொன்று மோதின. அப்போது, “அம்மா, சோளம்!” என்று கூப்பிட்டுக்கொண்டு தேனு வீட்டுவாசலிலிருந்து ஓடி வந்தாள். கையில் ஆவி பறக்கும் கதிர். வழியெல்லாம் தண்ணீர். எனக்கும் அவளுக்கும் நடுவில் வண்டி. அவள் வழுக்கினால் பிடித்துக்கொள்ள இருப்பது அந்தக் கம்பிதான்.

“தொடாத! அங்கயே நில்லு!” அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. அவள் நிற்கவில்லை, வழுக்கினாள். கதிர் பறந்தது. அவள் கை வண்டியைத் தேடி நீண்டபோது பின்னாலிருந்து பாக்கியம் அக்கா அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

“மெயின ஆஃப் பண்ணுங்க! மெயின்!” என்று கத்தினேன். முத்தையா பூட்ஸோடு வீட்டுக்குள் ஓடினார். வீட்டு விளக்குகள் அணைந்தன. பெட்டி பேட்டரிக்கு மாறி அமைதியானது.

அரவிந்த் என் முகத்தைப் பார்த்தார். ஷூவைக் கழற்றப் போனார். “இப்ப வராது, மெயின் ஆஃப்” என்றேன். “நீ சொன்னாப் போதும்” என்றார். காலையில் எனக்கு வந்த சந்தேகத்தைத்தான் நான் சொல்லியிருக்கவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் சேவியர் அந்த இரும்புக் குழாயிலிருந்து சுவரேறிய கம்பியைப் பின்தொடர்ந்து வீட்டுக்குள் போனார். மீட்டருக்குப் பக்கத்தில் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி, “அண்ணே, இது எர்த்து இல்லண்ணே. இதுலதான் உங்க வீடே ஓடுது!” என்றார். ஆங்கிலம் முழுக்க மறந்துபோயிருந்தது.

முத்தையா ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயமென்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. “கம்பத்துல இருந்து வர்ற ஒயர்ல குரங்கு தொங்கித் தொங்கி ஒரு கம்பி அத்துப்போச்சுங்க. வயர்மேன் வர நாளாகும். மழையில இருட்டுல கெடக்க முடியுமா? அதான் இரும்ப எறக்கி அதுல குடுத்துட்டேன். லைட்டு பளிச்சுனு எரிஞ்சிச்சு. இங்க நெறையப் பேரு அப்படித்தான் செய்வாக.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. மின்சாரம் ஒரு கம்பியில் வந்து இன்னொரு கம்பியில் திரும்ப வேண்டும். திரும்புகிற கம்பியைக் குரங்கு அறுத்துவிட்டது. முத்தையா மண்ணையே திரும்பும் வழியாக்கியிருந்தார். விளக்கு மட்டும் எரியும்போது மண் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. ஹீட்டரோ அடுப்போ ஓடும்போது அவ்வளவையும் வாங்க முடியாமல் அந்த இரும்பிலேயே மின்சாரம் தேங்கியது. அந்த இரும்பைத்தான் நாங்கள் எங்கள் வண்டியின் உடம்போடு கட்டியிருந்தோம். சேவியரின் டிரிப் சுவிட்ச் பொய் சொல்லவில்லை. அது வண்டிக்குள் ஏற்படும் கசிவைப் பிடிப்பது. இது வெளியிலிருந்து, நான் கேட்டு வாங்கிய பச்சைக் கம்பி வழியாக வந்தது.

பாக்கியம் அக்கா சேற்றைக் கழுவக் குழாயடியில் நின்றார். குழாயைத் திறக்கப் போனவர் நின்று, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கை முழுக்க வைத்தார்.

“எத்தன மாசமா சுர்ரு சுர்ருனு இருக்கும். குளுருக்குத்தான் கை மரக்குதுன்னு நெனச்சேன். செருப்பு போட்டுக்கிட்டா இருக்காது, அதனால போட்டுக்கிட்டே புழங்குனோம்” என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “ஏய்யா, கன்னுக்குட்டிக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியல. எலுமிச்சம்பழத்த வாங்கிட்டு வந்து கட்டுன மனுசன் ஒரு மொழம் ஒயர வாங்கிட்டு வந்திருக்கக் கூடாதா?”

“நீதானடி கண்ணு பட்டுருச்சுன்ன.”

“நான் என்ன வயர்மேனா?”

அன்று வீட்டில் மெழுகுவர்த்தி, வண்டியில் பேட்டரி. பச்சைக் கம்பி, ஒயர் இரண்டையும் சேவியர் கழற்றிச் சுருட்டினார். கழற்றியாயிற்றா என்று நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை யாரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. அரவிந்த் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். தேனு வண்டியில் தூங்க மாட்டேன் என்றதால் அவளும் நானும் அக்கா வீட்டில் படுத்தோம். போர்வை கனமாக இருந்தது. அவளுடைய வலது கையை என் கைக்குள் வைத்திருந்தேன். தூக்கத்தில் அது அவ்வப்போது துடித்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் துடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விழித்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் புறப்பட வேண்டும். முத்தையாவும் எங்களோடு கொடைக்கானல் வருவதாக ஏற்பாடு. வயர் வாங்கி, ஆளையும் கையோடு கூட்டிவர வேண்டும். அதுவரை மெயினை யாரும் தொடக்கூடாதென்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அவரே அதன்மேல் ஒரு சாக்கையும் போட்டு மூடினார்.

தேனு வண்டிக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். தூக்க வந்த என் கையைத் தட்டிவிட்டாள்.

“இப்ப ஒண்ணும் இல்லடா தங்கம். எல்லாத்தையும் கழட்டியாச்சு” என்றார் அரவிந்த்.

“நேத்தும் ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க.”

“நீங்க மொதல்ல தொடுங்க” என்றாள் அவள்.

அரவிந்த் போய்க் கைப்பிடியைத் தொட்டார். அவள் தலையை ஆட்டினாள். “ஷூ போட்டிருக்கீங்க.”

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். ஈரப் புல்லில் நின்று கைப்பிடியைப் பிடித்தார். அடுத்து முத்தையா. “எங்களையுமா?” என்றவர், சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்ஸை உருவினார். பாக்கியம் அக்கா அதைப் பார்த்துச் சிரித்து, “நல்லா வேணும். வெரசாத் தொடுய்யா, நேரமாகுது” என்று சொல்லிவிட்டு, அவரும் செருப்பைக் கழற்றி வந்து ஒரு தட்டு தட்டினார். சேவியர் மட்டும் ஓட்டுநர் இருக்கைப் பக்கமிருந்தே, “நான் காலையிலயே செக் பண்ணிட்டேன் பேபி, எவ்ரிதிங் ஓகே” என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேவியர் இறங்கி வந்தார். ஷூவைக் கழற்றினார். கைப்பிடியில் கையை வைத்தார்.

“சாக்ஸையும் கழட்டுங்க அங்கிள்.”

அந்தக் குளிரில் அவர் சாக்ஸையும் கழற்றினார். நான்கு பேரும் வெறுங்காலோடு புல்லில் நின்றார்கள், வண்டியில் ஆளுக்கொரு கையை வைத்தபடி. தேனு ஒவ்வொருவர் காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். என்னைத் தொடச் சொல்லவில்லை. நான் எழுந்ததிலிருந்து செருப்பே போட்டிருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினாள்.